ஆசை எல்லோருக்கும், நேரம் சிலருக்கு

சென்னை சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஏனுகுல வீராசாமி 1830 மே மாதம் காசிக்குக் கிளம்பினார். தென்னாட்டில் பயணிகள் ரயில் ஓட இன்னும் கால் நூற்றாண்டு இருந்த காலம் அது. பல்லக்கு, கூடாரம், சுற்றத்தார், வேலையாட்கள் என்று ஏறக்குறைய நூறு பேர் கொண்ட கூட்டம் ஹைதராபாத், நாக்பூர், பிரயாகை வழியாகக் காசி சேர்ந்தது. பிறகு கயை, கல்கத்தா, பூரி ஜகந்நாதம் எல்லாம் பார்த்துவிட்டு 1831 செப்டம்பரில் ஊர் திரும்பியது. வழிநெடுகத் தெலுங்கில் எழுதிவந்த குறிப்புகள் 1838-இல் ‘காசியாத்திரா சரித்ர’ என்ற நூலாக அச்சேறின. யாத்திரை என்று பெயர் வைத்திருந்தாலும் அதில் சாமி தரிசனத்தைவிட நாட்டு நடப்பு அதிகம். எந்த ஊரில் என்ன நாணயம் செல்லும், எந்த ஆற்றை எப்படிக் கடப்பது, சாமான் எங்கே கிடைக்கும், யாருடைய ஆட்சி நடக்கிறது என்றெல்லாம் விடாமல் விசாரித்து எழுதியிருக்கிறார்.

வேலையில் இருந்த ஒருவர் பதினைந்து மாதத்துக்கு மேல் ஊரை விட்டுப் போகிறார் என்றால் இரண்டு கேள்விகள் எழ வேண்டும். அவரை அப்படி இழுத்தது எது? அவ்வளவு நேரம் அவருக்கு எப்படிக் கிடைத்தது? பயணத்தைப் பற்றி நம்மிடம் எழுதப்பட்டவை பெரும்பாலும் முதல் கேள்வியோடு நின்றுவிடுகின்றன. எனக்கு இரண்டாவதுதான் பெரிய கேள்வியாகப் படுகிறது. ஊர் பார்க்கும் ஆசை ஏழை பணக்காரர், ஆண் பெண் என்று பாராமல் எல்லோருக்கும் இருக்கிறது. அதற்கான நேரத்தை வழக்கமும் சட்டமும் வீட்டு ஏற்பாடும் சிலருக்கு மட்டும் கொடுத்திருக்கின்றன.

முதல் கேள்வியையும் தள்ளிவிட முடியாது. ஆப்பிரிக்காவிலிருந்து ஏறத்தாழ 60,000 ஆண்டுகளுக்கு முன் கிளம்பிய மனிதக் கூட்டங்கள் உலகமெங்கும் பரவின என்பதைச் சொல்லி, அலைவது நம் இரத்தத்திலேயே ஊறியது என்பார்கள். மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளைப் பெறும் அமைப்பு ஒன்றோடு தொடர்புடைய டி.ஆர்.டி.4 மரபணுவின் ஒரு வகை, வெகுதூரம் இடம்பெயர்ந்த இனக்குழுக்களில் கூடுதலாகக் காணப்படுகிறது என்று 1999-இல் ஓர் ஆய்வு வந்தது. அன்றிலிருந்து ‘பயண மரபணு’ என்ற பேச்சு பத்திரிகைகளில் ஓயவில்லை. ஒற்றை மரபணுவின் மேல் இவ்வளவு பாரத்தை ஏற்றுவது சரியில்லை. மழை பொய்த்ததும் இரை விலங்குகள் இடம் மாறியதும் பகையும் பஞ்சமும் ஆதி மனிதரை நகர்த்தின. அவர்கள் யாரும் சுற்றுலா போகவில்லை.

பழந்தமிழ் நூல்களிலும் தேவைக்கான பயணமே முன்னால் நிற்கிறது. தொல்காப்பியம் தலைவன் பிரிந்து போவதற்குச் சொல்லும் காரணங்கள் கல்வி, பகை, தூது, பொருள் போன்றவை. வேடிக்கை பார்க்கப் போனான் என்று ஒரு காரணமும் அங்கே இல்லை. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். அவற்றில் பாணர், கூத்தர் ஆகியோரை வள்ளல்களிடம் வழிப்படுத்துபவை பசியில் பிறந்தவை. ஆனாலும் சிறுபாணாற்றுப்படையைப் படித்துப் பாருங்கள். எயிற்பட்டினத்துப் பரதவர் வீட்டில் சுட்ட மீன், வேலூரில் எயினர் வீட்டில் புளிச்சோறும் ஆமான் இறைச்சியும், ஆமூரில் உழவர் வீட்டில் வெண்சோறும் நண்டும் கிடைக்கும் என்று நிலத்துக்கு நிலம் மாறும் சோற்றைச் சொல்லிக்கொண்டே போகிறது அந்தப் பாட்டு. வள்ளல் வீட்டுக்கு வழி சொல்ல இவ்வளவு தேவையில்லை. வழியே அந்தப் புலவருக்குப் பிடித்துப்போயிருக்கிறது என்றுதான் நான் படிக்கிறேன். தேவைக்காகக் கிளம்பியவரையும் வழி மயக்கிவிடும் என்பதற்கு நம் மொழியில் இதைவிடப் பழைய சான்று கிடைப்பது அரிது.

இன்றைய மூளை ஆய்வுகள் இதே இடத்தை வேறு பக்கத்திலிருந்து தொடுகின்றன. நாம் எங்கே நிற்கிறோம் என்பதை மூளை எப்படிக் கணக்கு வைத்துக்கொள்கிறது என்று கண்டறிந்ததற்காக ஜான் ஓ’கீஃபுக்கும் மோசர் தம்பதிக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. இடத்தை அறிவதில் பங்குகொள்ளும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி நினைவுகள் பதிவதற்கும் இன்றியமையாதது. 2020-இல் நியூயார்க், மயாமி நகரங்களில் நூற்றுக்கும் மேற்பட்டோரின் நடமாட்டத்தை ஜி.பி.எஸ். மூலம் சில மாதங்கள் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு வெளிவந்தது. பலவகை இடங்களுக்குப் போய்வந்த நாட்களில் அவர்களுடைய மனம் கூடுதல் மகிழ்ச்சியாக இருந்ததாக அது சொல்கிறது. இதற்கு வெளிநாடு போக வேண்டியதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சொந்த நகரத்துக்குள்ளேயே வழக்கமில்லாத தெருக்களில் நடந்ததுகூடக் கணக்கில் சேர்ந்தது. மகிழ்ச்சியால் வெளியே போனார்களா, வெளியே போனதால் மகிழ்ந்தார்களா என்று கேட்கலாம். இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன என்பதே ஆய்வாளர்களின் கணிப்பு.

நினைவு சம்பந்தமான இன்னொரு காரணத்தை நம்மில் பலர் அனுபவத்தில் அறிவோம். ஒரே மாதிரி கழிந்த ஓர் ஆண்டைத் திரும்பிப் பார்த்தால் கையில் ஒன்றும் நிற்பதில்லை. நான்கு நாள் ஹம்பியில் சுற்றியது மட்டும் பல வாரம் நீண்டதுபோல் விரிகிறது. புதியவை நிறைந்த காலம் நினைவில் நீளும், வழக்கமானது சுருங்கும் என்று வில்லியம் ஜேம்ஸ் 1890-இலேயே தம் உளவியல் நூலில் எழுதிவிட்டார். வயது ஏற ஏற ஆண்டுகள் ஓடுவதாகத் தோன்றுவதற்கும் அவர் இதையே காரணமாகச் சொன்னார்.

நம் சமூகத்தில் இதற்கெல்லாம் மேலே ஒரு காரணம் இருக்கிறது. ஊரை விட்டு வெளியே போனால் யாருக்கும் நம்மைத் தெரியாது. இன்னார் மகன், இன்ன தெருக்காரன், இன்னாருடைய மருமகள் என்ற சுமை ஊர் எல்லையில் கொஞ்சம் இறங்குகிறது. சபரிமலைக்கு மாலை போட்டவரை முதலாளியானாலும் தொழிலாளியானாலும் ‘சாமி’ என்றே அழைக்கிறார்கள். புனிதப் பயணம் செல்வோர் தத்தம் தகுதியிலிருந்து சிறிதுகாலம் விடுபட்டுச் சமமாகிறார்கள் என்று மானிடவியலாளர் விக்டர் டர்னர் விரிவாக எழுதியிருக்கிறார். அவர் சொன்னது பாதி உண்மை. கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்கே 1924-இல் வைக்கத்தில் போராட வேண்டியிருந்தது. பெரியார் அதற்காகச் சிறை சென்றார். சாலை எல்லோருக்கும் ஒன்றுபோல் திறந்திருந்ததில்லை என்பதை மறந்துவிட்டுப் பயணத்தின் விடுதலையைப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் அப்படிப் போராடிப் பெற்றதனாலேயே, போய்வரும் உரிமையின் மதிப்பு நமக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

இடம் மாறினால் மனம் மாறிவிடுமா என்று கேட்பவர்கள் எக்காலத்திலும் உண்டு. ரோமானியச் சிந்தனையாளர் செனகா தம் கடிதங்களில் இதைத்தான் கேட்டார்: கவலையை மூட்டை கட்டி உடன் கொண்டுபோகிறவனுக்கு எந்த ஊர் என்ன செய்யும்? நியாயமான கேள்விதான். கடனும் நோயும் ஊட்டியில் தீர்வதில்லை. பயணம் கவலையைத் தீர்க்கும் என்று நான் வாதாடவும் இல்லை. கவலையோடு இருப்பவரும் தம் வீட்டுச் சுவரைத் தவிர வேறொன்றையும் பார்க்கத் தகுதியுள்ளவர் என்பது மட்டுமே என் வாதம்.

இனி நேரத்துக்கு வருவோம். விடுப்புச் சட்டம் என்ற ஒன்று பிறப்பதற்கு முன் நேரத்தை வழக்கம்தான் கொடுத்தது. அறுவடை முடிந்து களம் ஓய்ந்த தை மாதத்தில் தைப்பூசம் வருகிறது. செட்டிநாட்டு நகரத்தார் பழனிக்குக் காவடியோடு நடப்பது அப்போதுதான். வேளாங்கண்ணிக்கு நடப்பவர்களுக்கு ஆகஸ்ட் இறுதி முதல் செப்டம்பர் 8 வரை ஒரு காலம். ‘கோயிலுக்குப் போகிறேன்’ என்றால் மாமியாரும் தடுப்பதில்லை, பண்ணையாரும் தடுக்கத் தயங்குவார். வெறுமனே ‘ஊர் பார்க்கப் போகிறேன்’ என்று சொல்ல முடியாதவர்களுக்குச் சாமிதான் விடுப்பு வாங்கிக் கொடுத்தது. பக்தியைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. வழியில் பார்த்த மலையும் கடலும் சந்தையும் பக்தியோடு சேர்ந்தே அவர்களுக்குக் கிடைத்தன. ராமேஸ்வரம் போகும் வழிநெடுகச் சத்திரங்கள் கட்டினார்கள் தஞ்சை மராட்டிய மன்னர்கள். இரண்டாம் சரபோஜி 1802-இல் ஒரத்தநாட்டில் கட்டிய முத்தாம்பாள் சத்திரம் அவற்றில் பெரிது. மதுரையில் மங்கம்மாள் சத்திரம் இன்றும் ரயில் நிலையத்துக்கு எதிரே நிற்கிறது. தங்க இடமும் உண்ணச் சோறும் கிடைத்தால் மனிதர் கிளம்பிவிடுவார்கள் என்பது அந்த அரசர்களுக்குத் தெரிந்திருந்தது.

ரயில் வந்ததும் தூரம் சுருங்கியது. 1841 ஜூலை 5 அன்று தாமஸ் குக் என்ற மதுவிலக்குப் பிரசாரகர் ஏறத்தாழ 500 பேரை ஆளுக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் இங்கிலாந்தின் லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு ரயிலில் கூட்டிப் போனார். இன்றைய சுற்றுலாத் தொழிலின் தொடக்கம் அது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் போயிற்று. ஆனால் டிக்கெட் வாங்க முடிந்தவர் அனைவருக்கும் லீவு கிடைத்துவிடவில்லை. ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போய்விடும்.

அதை உடைத்த ஆண்டு 1936. பிரான்சில் தொழிலாளர் வேலைநிறுத்தங்களுக்குப் பின், லியோன் ப்ளூம் தலைமையிலான மக்கள் முன்னணி அரசு ஜூன் மாதம் எல்லாத் தொழிலாளருக்கும் ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்துடன் விடுப்பு என்று சட்டம் செய்தது. அதோடு விட்டிருந்தால் பலர் வீட்டிலேயே இருந்திருப்பார்கள். லியோ லக்ராஞ்ச் என்ற இளம் துணை அமைச்சர் ரயில் கட்டணத்தில் 40 விழுக்காடு தள்ளுபடியுடன் விடுமுறை டிக்கெட் கொண்டுவந்தார். அந்த ஆண்டே லட்சக்கணக்கானோர் அதைப் பயன்படுத்தினார்கள். பாரிஸ் ஆலைகளில் வேலைசெய்தவர்களில் பலர் வாழ்க்கையில் முதன்முறையாகக் கடலைப் பார்த்தது அப்போதுதான். பயண வரலாற்றில் கொலம்பஸ், மெகல்லன் பெயர்களோடு லக்ராஞ்சின் பெயரையும் பள்ளியில் சொல்லித்தர வேண்டும் என்பேன். 1948-இல் ஐ.நா. வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 24-வது பிரிவு, ஓய்வும் சம்பளத்துடன் கூடிய விடுமுறையும் மனித உரிமை என்றே சொல்லிவிட்டது. 1950-இல் 2.5 கோடியாக இருந்த பன்னாட்டுச் சுற்றுலாப் பயணங்கள் 2019-இல் 146 கோடியை எட்டியதற்கு விமானம் ஒரு காரணம், விடுப்புச் சட்டங்கள் இன்னொரு காரணம்.

இந்தியாவில் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், ஆண்டில் 240 நாள் வேலைசெய்தவருக்கு 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்துடன் விடுப்பு தந்தது. 2020-இல் நிறைவேறிய புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்த 240-ஐ 180 ஆக்கியிருக்கிறது. தமிழ்நாட்டில் கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்வோருக்கு 1947-ஆம் ஆண்டுச் சட்டம் ஓராண்டு முடிந்தபின் 12 நாள் விடுப்பு தருகிறது. ஏட்டில் இவ்வளவும் இருக்கின்றன. ரங்கநாதன் தெருவில் துணி மடித்துவைக்கும் பெண்ணிடம் அந்த 12 நாளைப் பற்றிக் கேளுங்கள். சித்தாளுக்கும் ஆட்டோ ஓட்டுநருக்கும் வீட்டுவேலை செய்பவருக்கும் நடைமுறையில் ஒரு நாள்கூட இல்லை. மாதச் சம்பளக்காரர்களிலேயே ஏறத்தாழப் பாதிப்பேருக்குச் சம்பளத்துடன் விடுப்பு இல்லை என்று மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்புகள் காட்டுகின்றன.

லீவு இருப்பவர்கள் என்ன செய்கிறோம்? கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, துக்கம், பிள்ளையின் பரீட்சை என்று கழிந்துவிடுகிறது. திருப்பூரின் பனியன் கம்பெனிகள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மூடும்போது பஸ் நிலையத்தில் கூடும் கூட்டம் அத்தனையும் சொந்த ஊருக்குப் போகும் கூட்டம். அதுவும் பயணம்தான், அதற்கென்று தனி இனிமையும் உண்டு. ஆனால் வேறெங்கும் போக மிச்சம் இருப்பதில்லை. அரசு ஊழியர்களிடம் இன்னொரு வழக்கம் வேரூன்றியிருக்கிறது. மத்திய அரசு ஊழியர் 300 நாள் வரை ஈட்டிய விடுப்பைச் சேர்த்துவைத்து ஓய்வுபெறும்போது பணமாக்கிக்கொள்ளலாம். மகள் கல்யாணத்துக்கோ வீட்டுக் கடனுக்கோ அந்தப் பணம் உதவியிருக்கிறது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் நாற்பது வயதில் மூட்டு நன்றாக இருந்தபோது கிடைத்த நாட்களை அறுபது வயதில் ரொக்கமாக வாங்குகிறோம் என்பதை யாராவது சொல்லத்தான் வேண்டும். அதே அரசு எல்.டி.சி. என்ற விடுப்புப் பயணச் சலுகையில் நான்காண்டுத் தொகுதிக்கு ஒருமுறை நாட்டின் எந்த மூலைக்கும் குடும்பத்தோடு போகக் கட்டணம் தருகிறது. ராமேஸ்வரத்துக் கடலைப் பார்த்த வடநாட்டுக் குமாஸ்தாக்களும், தாஜ்மஹாலைப் பார்த்த நம் தபால்காரர்களும் அந்தச் சலுகைக்குக் கடன்பட்டவர்கள்.

வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு லீவு ரிஜிஸ்டரே கிடையாது. 2024-இல் எடுத்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி கூலியில்லாத வீட்டுவேலையில் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள். அதில் ஈடுபடும் ஆண்களுக்கு அது 88 நிமிடம். குடும்பத்தோடு சுற்றுலா போனாலும் புளியோதரை கட்டுவதும் குழந்தைக்கு மாற்றுத்துணி எடுத்துவைப்பதும் அவர் வேலைதான். அவருக்கு ஆசை இல்லை என்று சொல்லிவிடுவது சுலபம். அந்தப் பேச்சைக் கர்நாடகம் பொய்யாக்கியது. 2023 ஜூன் 11 அன்று அங்கே ‘சக்தி’ திட்டம் தொடங்கி, மாநிலத்துக்குள் சாதாரண அரசு பஸ்களில் தொலைதூரத்துக்கும் பெண்கள் கட்டணமின்றிப் போகலாம் என்றார்கள். சில நாட்களிலேயே தர்மஸ்தலா, குக்கே சுப்பிரமணியா, மலை மாதேஸ்வரா போன்ற ஊர்களுக்கான பஸ்கள் பெண்களால் நிரம்பி வழிந்தன. யாரும் விளம்பரம் செய்து ஆசையை ஊட்டவில்லை. தடையாக நின்ற காரணங்களில் ஒன்றை, கட்டணத்தை மட்டும் எடுத்தார்கள். தமிழ்நாட்டில் 2021 மே மாதம் வந்த கட்டணமில்லாப் பயணம் நகரப் பேருந்துகளுக்கானது. அது வேலைக்குப் போக உதவியது. ஊர் பார்க்கப் போக அவ்வளவாக உதவவில்லை.

ஓரளவாவது நேரம் உள்ளவர்கள் அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கும் ஆய்வுகளில் விடை இருக்கிறது. நெதர்லாந்தில் 1,530 பேரிடம் எடுத்து 2010-இல் வெளியான ஆய்வில், விடுமுறைப் பயணத்தின் மகிழ்ச்சி பயணத்துக்கு முன்புதான் தெளிவாகத் தெரிந்தது. திரும்பிய பின், மிக நிம்மதியாகக் கழிந்த பயணம் தவிர மற்றவற்றில், போனவருக்கும் போகாதவருக்கும் மகிழ்ச்சியில் வேறுபாடு இல்லை. நீண்ட விடுமுறை எடுத்த ஊழியர்களை ஆராய்ந்த இன்னொரு டச்சு ஆய்வில் உடல்நலமும் மனநலமும் எட்டாம் நாள் வாக்கில் உச்சத்தைத் தொட்டன. வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்திலேயே பழைய நிலைக்கு இறங்கிவிட்டன. இதைப் படித்துவிட்டுப் பயணம் வீண் என்று முடிவுகட்டுவோர் உண்டு. எனக்கு வேறு முடிவு தோன்றுகிறது. எதிர்பார்ப்பே பாதி மகிழ்ச்சி என்றால், பத்தாண்டுக்கு ஒருமுறை பெரிய பயணம் என்று காத்திருப்பதைவிட, ஆண்டுக்குச் சில சிறு பயணங்களை முன்கூட்டியே நாள் குறித்துவைப்பது மேல். இடத்தைப் பிறகு முடிவு செய்யலாம், நாளை முதலில் குறிக்க வேண்டும். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன் திறக்கிறது. அந்த நாளில் டிக்கெட் எடுத்துவிட்டால் அலுவலகத்தில் பேச வேண்டியதைப் பேசும் தைரியம் தானாக வரும்.

‘நான் இல்லாவிட்டால் ஆபீஸ் நடக்காது’ என்பவர்களுக்கு ஒரு செய்தி. பொறுப்பான, எளிதில் முறைகேடு நடக்கக்கூடிய பணிகளில் உள்ள வங்கி ஊழியர்கள் ஆண்டுக்கு ஒருமுறை தொடர்ச்சியாக 10 வேலைநாளுக்குக் குறையாமல் கட்டாய விடுப்பில் போக வேண்டும், அதுவும் முன்னறிவிப்பு இல்லாமல், என்று ரிசர்வ் வங்கி 2021-இல் விதித்தது. முறைகேடுகளைக் கண்டுபிடிப்பதுதான் அதன் நோக்கம். ஆனாலும் கோடிக்கணக்கில் பணம் புழங்கும் இடத்திலேயே ஒருவர் இரண்டு வாரம் இல்லாமல் வேலை நடக்கிறது. வேலைப் பைத்தியம் என்று பெயரெடுத்த ஜப்பானில் 2019 ஏப்ரல் முதல், ஊழியர் ஆண்டுக்குக் குறைந்தது ஐந்து நாள் விடுப்பு எடுப்பதை உறுதிசெய்ய வேண்டியது முதலாளியின் சட்டக் கடமை.

ஒரு நாள் மட்டுமே உள்ளவருக்கும் இடம் இருக்கிறது. மதுரைக்காரர் கீழடி அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டு மாலையில் கீழக்குயில்குடி சமணர் மலையில் ஏறலாம். திருச்சியிலிருந்து சித்தன்னவாசல் எட்டும் தூரத்தில் இருக்கிறது. நெல்லைக்குக் கழுகுமலை, சென்னைக்கு உத்திரமேரூர். குடவோலை முறையைப் பாடப்புத்தகத்தில் படித்த எத்தனை பேர் அதைச் சொல்லும் உத்திரமேரூர்க் கல்வெட்டின் முன் நின்றிருக்கிறோம்?

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மட்டும் விடுமுறை கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு மே மாத மலைப்பாதையே சாட்சி. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. அடுத்த ஆண்டுக் கோடையில் ஊட்டிக்கு வாரநாளில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று உச்சவரம்பும் வந்தது. வெனிஸ் நகரம் 2024 ஏப்ரல் முதல் நெரிசலான நாட்களில் பகல்நேரப் பயணிகளிடம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறது. மலையும் காடும் தாங்குமளவுக்குத்தான் நாம் போக வேண்டும், அதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. ஆனால் கட்டணத்தை ஏற்றிக் கூட்டத்தைக் குறைத்தால் ஏழைகள்தான் முதலில் வெளியே நிற்பார்கள். விடுமுறை நாட்களை ஆண்டு முழுவதும் பரப்பிக் கொடுப்பதே நியாயமான வழி.

அரசு நினைத்தால் முடியும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே முன்மாதிரி உண்டு. அறநிலையத் துறை மூத்த குடிமக்களை ராமேஸ்வரத்திலிருந்து காசிக்கும், அறுபடை வீடுகளுக்கும் அரசு செலவில் அழைத்துப் போகிறது. கிறிஸ்தவர்கள் ஜெருசலேம் போக மானியம் இருக்கிறது. சாமிக்காகப் போகிறவருக்குக் கொடுக்கும் அரசு, சும்மா கடலையும் மலையையும் பார்க்க ஆசைப்படும் கட்டடத் தொழிலாளிக்கும் கொடுக்கலாம். 1994-இல் அமைந்த கட்டுமானத் தொழிலாளர் நல வாரியமும், பின்னால் வந்த மற்ற வாரியங்களும் கல்விக்கும் திருமணத்துக்கும் மகப்பேறுக்கும் உதவித்தொகை தருகின்றன. அந்தப் பட்டியலில் ஆண்டுக்கு ஒருமுறை, பதிவுபெற்ற தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் அரசு பஸ்ஸில் போய்வரச் சலுகை டிக்கெட்டும், போகும் நாட்களுக்கான கூலியும் சேர வேண்டும். தொழிற்சங்கங்கள் அடுத்த கோரிக்கை மனுவில் இதை எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.